6 நிமிடம் 14 விநாடி

கேள்வி:

அக்கா, நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. நியூ யோர்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் ஃபோர்வர்ட். 7 வயதில் தொடங்கியவள், இங்கே இருந்தவரை அணிக்குக் கப்டன். அங்கே போனபின் நாலாவது லைன். சில ஆட்டங்களில் அதுவும் இல்லை, மேலே இருந்து பார்க்கிறாள். அவளின் அப்பா ஒவ்வொரு ஆட்டத்தையும் கணினியில் நேரலையாகப் பார்த்து, அவள் எத்தனை தரம் இறங்கினாள், எத்தனை விநாடி நின்றாள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார். போன வெள்ளிக்கிழமை எழுதியது 6 நிமிடம் 14 விநாடி. ஆட்டம் முடிந்த கையோடு அவளுக்குப் போன் போகும். முந்தி எடுப்பாள், இப்போது எடுப்பதில்லை. அனேகமான வார இறுதிகளில் நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓடிப் போகிறோம். கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து போகும்போது, "இனி ஒவ்வொரு கிழமையும் வராதேங்கோ" என்று சொல்லிவிட்டாள். 'ரொறன்ரோ செப்டர்ஸுக்கு விளையாட வேண்டிய பிள்ளையைப் பெஞ்சில் இருத்தி வைத்திருக்கிறீர்கள்' என்று கோச்சுக்கு ஓர் ஈமெயில் எழுதி வைத்திருக்கிறார் இவர். அனுப்ப விடாமல் மறித்து வைத்திருக்கிறேன். எனக்கோ இந்த விளையாட்டு இன்னும் வடிவாக விளங்காது. அவளின் நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். 14 வயது மகனும் எங்களோடு இழுபடுகிறான். நாங்கள் எங்கே பிழை விட்டோம்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் கண் போய் நின்றது அந்தக் கொப்பியில்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

60 நிமிட ஆட்டத்தில் 6 நிமிடம் 14 விநாடி என்றால் கேட்கிறவருக்கு நெஞ்சு பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கிற கோலியைத் தவிர வேறு யாரும் 60 நிமிடம் நிற்பதில்லை. ஃபோர்வர்ட் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லைன், அப்படி நாலு லைன். இறங்குகிற லைன் 40, 45 விநாடியில் மூச்சு வாங்கப் பெஞ்சுக்குத் திரும்பிவிடும். முதல் லைனில் இருக்கிறவளுக்கே அனேகமாக 20 நிமிடம் அளவில்தான் கிடைக்கும். நாலாவது லைனுக்கு 5 முதல் 8 நிமிடம் வரை கிடைப்பது வழமை. உங்கள் மகள் அன்றைக்கு எட்டு ஒன்பது தரம் இறங்கியிருப்பாள். நாலாவது லைனுக்கு அது சாதாரணமான ஒரு வெள்ளிக்கிழமை.

இன்னொரு விஷயம். பெனால்டி கூடிய ஆட்டத்தில் நாலாவது லைன் காய்ந்துபோகும். பெனால்டி வாங்கியவள் வெளியே இருக்க, மற்ற அணி ஓர் ஆள் கூடுதலாக விளையாடுகிற 'பவர் பிளே'க்கு இறங்க ஐந்து பேர், அதைத் தடுக்க நாலு பேர் என்று தனியாக ஆட்கள் இருப்பார்கள். அதில் இல்லாதவள் பத்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்து, கால் குளிர்ந்து, பிறகு திடீரென்று இறங்க வேண்டும். கடைசியான மூன்றாம் பகுதியில் ஆட்டம் ஒரு கோல் வித்தியாசத்தில் இழுபட்டால் அனேகமான கோச்மார் முதல் மூன்று லைனையே மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஆக, உங்கள் கணவரின் கொப்பியில் விழுகிற எண்ணில் பாதியை எழுதுவது நடுவரின் விசில், மீதியை எழுதுவது ஸ்கோர் போர்ட். அதில் உங்கள் மகளைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான்.

கோச் பார்க்கிற பெரிய பகுதி கமெராவில் வராது. பருவ காலத்தில் அணியின் கட்டாய வேலை கிழமைக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, கிழமையில் ஒரு நாள் முழுக்க விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ எனப்படுகிற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஆட்டம் நடக்கிற நாளை 3 மணி நேரம் என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். பஸ்ஸில் போய் வருகிற நேரம் அந்தக் கணக்கிலேயே சேராது! அதைக் கண்டுபிடித்தவர் குளிர்காலத்தில் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளி இரவு யார் எந்த லைன் என்பது அந்த மணித்தியாலங்களில்தான் முடிவாகிறது. நீங்களும் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்த அணியில் கப்டனாக இருந்தவள் உங்கள் பிள்ளை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கா முழுக்க முதல்தரப் பிரிவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிகள் 45 அளவில்தான் இருக்கின்றன. ஓர் அணிக்கு 25 பேர் என்று வைத்தாலும் மொத்தம் ஆயிரத்து நூறு இடம் தேறும். அதற்கு ஒன்ராறியோவில் இருந்தும் மினசோட்டாவில் இருந்தும் மாசசூசெட்ஸில் இருந்தும் பின்லாந்தில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாருமே தத்தம் ஊரில் முதல் லைன், அனேகம் பேர் கப்டன். 25 கப்டன்களை ஓர் அறையில் விட்டால் சிலர் நாலாவது லைனில் நின்றுதான் ஆக வேண்டும். உடுப்பு மாற்றாமல் மேலே இருந்து பார்ப்பதற்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது, 'ஸ்க்ராட்ச்' என்பார்கள். முதல் இரண்டு வருடங்களில் அதற்குள்ளால் போகாத பிள்ளைகள் குறைவு.

இதையெல்லாம் உங்கள் கணவருக்கு எடுத்துச் சொன்னால் கொப்பியை மூடிவிடுவாரா? மூடமாட்டார். ஏனென்றால் அந்தக் கொப்பி நிமிடக் கணக்குக்காக உண்டானது இல்லை.

நான் ஊகித்துச் சொல்கிறேன், பிழை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையில் ஸ்கேட்ஸ் போட்டவராக இருக்க மாட்டார். மகளுக்கு 7 வயதில், இருட்டோடு இருட்டாக எழும்பி, ஏதோ ஓர் அரீனாவின் குளிர்ந்த அறையில் முழங்காலில் குந்தி அவளின் ஸ்கேட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டப் பழகியிருப்பார். பிளேட் தீட்டக் கொடுப்பது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, மூட்டையைத் தூக்கிக் காரில் போடுவது, காசு கட்டுவது, இரண்டு வேலைக்கு நடுவில் ஓடிக் கொண்டுபோய் விடுவது என்று பன்னிரண்டு வருடம் அவளின் ஹாக்கியில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது ஸ்கேட்ஸ் தீட்ட அங்கே ஆள் இருக்கிறது, மூட்டை தூக்க பஸ் இருக்கிறது. செய்ய ஒன்றும் இல்லாமல் போன மனுசன் தனக்குத் தானே ஒரு வேலை உண்டாக்கிக்கொண்டார். கொப்பியும் ஈமெயிலும் அந்த வேலைதான். எண் என்று வந்தால் எங்களுக்கு அது மார்க்ஸ் மாதிரியும் தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சையில் ஏறிய பழக்கம், கடல் கடந்தும் இறங்கவில்லை.

அதனால் 'எழுதாதேங்கோ' என்று சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். கொப்பி இருக்கட்டும், மகளின் கண்ணில் மட்டும் படக்கூடாது. அதில் உள்ள எண் ஒன்றும் வாட்ஸ்அப்பில் அவளிடம் போகக்கூடாது. வேறு வேலை ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும். அது என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

இந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்படத்தக்கது இல்லை. என் மகளும் விளையாடினாள், இவ்வளவு உயரத்தில் இல்லை. ஓஷவாவில் ஓர் ஆட்டம் தோற்று, 401 நெடுஞ்சாலையில் வீடு வருகிற வழி முழுக்க நான் கதைத்துக்கொண்டே வந்தேன். 'பக்' என்கிற அந்த ரப்பர் வட்டை ஏன் அந்தப் பக்கம் தள்ளினாய், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று. குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிற நான்! பிக்கரிங் தாண்டும்போது அவள் ஹெட்போனை மாட்டிவிட்டாள். நாலைந்து வருடம் கழித்துத்தான் சொன்னாள்: "அம்மா, எனக்கு மட்ச்சில தோக்கிறது பயமில்லை. அதுக்குப் பிறகு கார்ல ஏறுறதுதான் பயம்."

எங்கள் துறையில் இந்தக் கார்ப் பயணத்தைப் பற்றி அதிகம் பேசுவோம். விளையாடி முடித்த பிள்ளைக்குத் தான் விட்ட பிழை ஏற்கனவே தெரியும். கோச் சொல்லியிருப்பார், திங்கட்கிழமை வீடியோவில் மறுபடியும் காட்டுவார். நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் அவளுக்குச் சும்மா இருக்கக் கிடைக்கிற நேரம். உங்கள் விஷயத்தில் அந்தக் கார்ப் பயணம் இல்லை, அதன் இடத்தில் போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஆட்ட இரவில் நீங்கள் அழைக்க வேண்டாம். ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். வென்றாலும் தோற்றாலும், 6 நிமிடமானாலும் 16 நிமிடமானாலும் அதே செய்தி: 'பார்த்தோம், சந்தோஷம். சாப்பிட்டுப் படு.' அவள் உடுப்பு மாற்றாத இரவிலும் ஒன்று போகட்டும், அதில் ஹாக்கியே வேண்டாம். தம்பி என்ன குழப்படி செய்தான் என்று எழுதுங்கள். ஞாயிறு பின்னேரம் அவளுக்கு வசதியான நேரத்தைக் கேட்டு அப்போது கதையுங்கள். ஹாக்கியை அவள் எடுத்தால் கதையுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள். முதல் மூன்று கிழமை உங்கள் கணவருக்கு நாக்கு தினவெடுக்கும். நீங்கள் பக்கத்தில் இருந்து தேநீர் கொடுங்கள்.

இப்போது 'வராதேங்கோ' என்றதைப் பார்ப்போம். உங்களுக்கு அது சரியாக நொந்திருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. அவள் பக்கத்தில் நின்று பாருங்கள். அன்றைக்கு இறங்குவாளா இல்லையா என்பது அவளுக்கே அனேகமாக முதல் நாள் அல்லது அன்று காலைதான் தெரியும். நீங்களோ வியாழன் இரவே சாமான் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிகிற நேரம் நீங்கள் கிங்ஸ்டன் தாண்டி பாலத்துக்குக் கிட்டப் போயிருப்பீர்கள். அம்மாவும் அப்பாவும் தம்பியும் அவ்வளவு தூரம் வந்து, அவள் விளையாடாததைப் பார்த்துவிட்டுப் போகப் போகிறார்கள். தான் ஸ்க்ராட்ச் ஆன கவலையோடு, உங்கள் முகத்தைச் சமாளிக்கிற வேலையும் அவள் தலையில். 19 வயதுப் பிள்ளைக்கு இது பாரம். உங்களைப் பிடிக்காமல் சொன்ன சொல் இல்லை அது. உங்களை ஏமாற்றிவிட்டேன் என்ற எண்ணத்தோடு ஒவ்வொரு வெள்ளியும் இருக்க முடியாமல் சொன்ன சொல்.

சரி, எப்போது போவது? கல்லூரி லீக்கில் ஆட்டங்கள் அனேகமாக வெள்ளியும் சனியுமாகச் சோடியாக வரும். கிழக்கில் இருக்கிற 12 கல்லூரி லீக்கில் ஊர்களையும் சோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, பொட்ஸ்டமில் கிளார்க்சன், அங்கிருந்து 16 கிலோமீட்டரில் கான்டனில் சென்ட் லோரன்ஸ். வெளியூர் அணி வெள்ளி ஒன்றோடும் சனி மற்றதோடும் விளையாடிவிட்டுப் போகும். ஆகவே பருவம் தொடங்க முன்னமே முழு அட்டவணையும் கையில் இருக்கும். மகளோடு சேர்ந்து இருந்து, மிச்சம் இருக்கிற ஆட்டங்களில் இரண்டை அவளையே தெரியச் சொல்லுங்கள். இரண்டு போதும். தெரிந்த பிறகு, அவள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வருவோம், உன்னோடு சாப்பிடத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சனி ஆட்டம் பார்த்து, இரவு தங்கி, ஞாயிறு காலை அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. வெள்ளி இரவு போனால் அரீனா வாசலில், ஈரத் தலையோடு பாதி கவனம் வேறெங்கோ இருக்கிற பிள்ளையைக் கால் மணி நேரம் பார்க்கலாம். அதற்கு 401 வேண்டியதில்லை.

ஜனவரி பெப்ரவரி வீதியைப் பற்றியும் ஒரு சொல். ஆயிரம் தீவுப் பாலத்தால் கடந்து 81ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வோட்டர்டவுனுக்குத் தெற்கே போகிறவர்களுக்குத் தெரியும், ஒன்ராறியோ ஏரியால் வருகிற காற்று பனியை வாளியால் கொட்டுகிற மாதிரி கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் வெயில் எறித்திருக்கும். இரவு ஆட்டம் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வேலை என்று நடுச்சாமத்தில் திரும்பி ஓடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். உங்கள் மகள் அந்த நேரம் நித்திரை கொள்ளாமல் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த செய்திக்குக் காத்திருப்பாள். அடுத்த நாள் அவளுக்கும் ஆட்டம்.

ஈமெயில் அனுப்ப வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மறித்து வைத்ததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. விளையாடுகிற நேரத்தைப் பற்றிப் பெற்றோருடன் கதைக்க மாட்டோம் என்பது கல்லூரிக் கோச்மாரிடம் பொதுவாக இருக்கிற முறை. கடிதம் போனால் பதில் வராது, வந்தாலும் இரண்டு வரி மரியாதை. பிறகு அந்தக் கோச்சின் முன்னால் போய் நிற்கப் போகிறவள் மகள், நீங்கள் இல்லை. அவளுக்கு அறிய விருப்பம் என்றால் அவளே நேரம் கேட்டுப் போய், 'மூன்றாவது லைனுக்கு ஏற நான் எதை மாற்ற வேண்டும்?' என்று கேட்கலாம். 'ஏன் என்னை இறக்கவில்லை?' என்ற கேள்விக்குக் கோச் காரணம் சொல்லித் தப்பிவிடுவார். முன்னதற்கு வேலை சொல்லியே ஆக வேண்டும். அதையும் அவள் உங்களிடம் யோசனை கேட்டால் மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

செப்டர்ஸ் கனவைப் பற்றி. ரொறன்ரோ செப்டர்ஸ் அணி விளையாடுகிற, பெண்களுக்கான தொழில்முறை லீக் 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கி, 2025இல் எட்டு அணியாகியது. உலகம் முழுக்க இருந்து வருகிறவர்களுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய அணிகள்தான். கனவு காண வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கனவு யாருடையது என்று மட்டும் ஒருநாள் மகளிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். வேறு கல்லூரிக்கு மாறுவது இப்போது முந்தியைவிடச் சுலபம்தான். ஆனால் 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் முதலில் அவள் வாயில் இருந்து வர வேண்டும்.

உதவிப்பணம் குறைந்துவிடுமோ என்ற பயமும் சில வீடுகளில் கொப்பிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். விளையாட்டுக்காகக் கொடுத்த உதவிப்பணத்தை, கொடுத்த காலம் முடிய முன், நன்றாக விளையாடவில்லை என்ற காரணத்துக்காக வெட்ட முடியாது. அந்தக் காலம் ஒரு வருடமா நாலு வருடமா என்று ஒப்புக்கொண்ட கடிதத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். கோர்னெல், ஹாவர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவிப்பணமே இல்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான்.

உங்கள் கடிதத்தில் நான் கொஞ்சம் பயந்த இடம், போன் எடுப்பதில்லை என்ற வரி. அனேகமாக அது கொப்பியில் இருந்து தப்புகிற வழிதான். ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்து வீழ்த்துவது பெனால்டி. அதனால் அடிபடாது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். கரைப் பலகையில் மோதுவதும் தலை ஐஸில் அடிபடுவதும் அங்கேயும் நடக்கிறது, தலையில் ஏற்படுகிற அதிர்ச்சி இந்த விளையாட்டில் புதினம் இல்லை. தலையிடி, வெளிச்சம் கூசுவது, வாசித்தது மனதில் நிற்காமல் இருப்பது, நித்திரை குழம்புவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். சாப்பாடு குறைவது, சிநேகிதிகளோடும் கதைக்காமல் அறைக்குள் கிடப்பது, படிப்பு சரிவது என்பவை வேறு கதை, அதுவும் கவனிக்க வேண்டியதுதான். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தலையில் ஏதும் அடிபட்டதா? நித்திரை வருகிறதா? மனசு சரியில்லையா?" ஹாக்கி எப்படிப் போகிறது என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது.

கல்லூரிக்குப் போன் எடுத்து விசாரிக்கலாம் என்று நினைத்தால், அங்கே கதவு மூடியிருக்கும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஃபெர்பா என்பார்கள், கல்லூரிக்குப் போன பிள்ளையின் கல்விப் பதிவுகள் மீதுள்ள உரிமையைப் பெற்றோரிடம் இருந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டது. அணியின் மருத்துவ உதவியாளரும் பொதுவாக அவளின் சம்மதம் இல்லாமல் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். இது உங்களை அவமதிப்பது இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஆபத்து என்று உண்மையாகவே தோன்றினால், அடித்தல், அவமானப்படுத்தல், காயத்தோடு விளையாட வற்புறுத்தல் என்று ஏதும் காதில் விழுந்தால், அப்போது எழுதலாம், எழுதத்தான் வேண்டும். அது கோச்சுக்குப் போகிற கடிதம் இல்லை, கல்லூரி நிர்வாகத்துக்குப் போகிற கடிதம். முடிந்தவரை மகளுக்குச் சொல்லிவிட்டு. அவசரம் என்றால் கனடாவிலும் அமெரிக்காவிலும் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அது மனம் உடைந்தவர்களுக்கான உதவி எண்.

மகனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். 14 வயதில் வார இறுதி முழுக்கக் கார்ப் பின்சீட்டில் கிடக்கிற பையனின் அறைச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா? விடுபட்ட சனிக்கிழமைகளில் முதலாவது அவனுக்கு. நான் சொன்ன 'வேறு வேலை' இதுதான், கணவரிடம் கொடுங்கள். அவனுக்கு ஹாக்கி பிடிக்காது என்றால் இன்னும் நல்லது.

போகிற இரண்டு தரமும் பெற்றோர் வரிசையில் இருங்கள். தனியாக ஒரு மூலையில் இருந்தால் எல்லாச் சத்தமும் உங்கள் மகளைப் பற்றியதாகக் கேட்கும். மணி அடிக்கிற அப்பா ஒருவரும், மகளின் நம்பர் போட்ட சட்டையோடு அம்மா ஒருவரும் அங்கே கட்டாயம் இருப்பார்கள். முதல் லைன் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லத் தோன்றினால் தமிழிலும் சொல்லாதீர்கள், குரலின் ஏற்ற இறக்கம் எல்லா மொழியிலும் விளங்கும். அவளின் தாய் இரண்டு சீட் பின்னால் இருக்கிறாள். ஸ்காபரோவில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போக ஆசை வரும், எனக்கும் வரும். ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்றால் எல்லையில் சிக்கல் வரலாம். மரக்கறி ரோல்ஸ் எடுங்கள், எதுவென்றாலும் எல்லை அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அணிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கும் விதிகள் உண்டு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள். அணி அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

முடிந்தால் அந்த இரண்டில் ஒன்று பருவத்தின் கடைசி வீட்டு ஆட்டமாக இருக்கட்டும். அன்றைக்கு நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு பூச்செண்டோடு ஐஸில் நடந்து வருவார்கள். அந்தப் பெற்றோரில் சிலரின் பிள்ளைகள் நாலு வருடமும் நாலாவது லைனில் நின்றவர்கள். முகத்தைப் பார்த்து எது யாருடைய பெற்றோர் என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் கணவரை அதற்குக் கூட்டிக்கொண்டு போங்கள், விளக்கம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, விளையாட்டு வடிவாக விளங்காது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கியைச் சேர்த்ததே 1998இல், நகானோவில்தான். என்.சி.ஏ.ஏ தேசியப் போட்டி 2001இல்தான் தொடங்கியது, முதல் இறுதியாட்டத்தில் மினசோட்டா டுலூத் 4-2 என்று சென்ட் லோரன்ஸை வென்றது. உங்கள் மகளைவிடச் சில வயதுதான் மூத்த போட்டி. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவருக்கு நீலக் கோடும் சிவப்புக் கோடும் குழம்பினால் அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கருத்து இல்லாத ஒரே ஆள் நீங்கள். மகளுக்கு இப்போது அப்படி ஓர் ஆள்தான் தேவை.

ஞாயிறு கதைக்கும்போது ஓஃப்சைட் என்றால் என்ன என்று கேளுங்கள். பக் நீலக் கோட்டைத் தாண்ட முன் நீ தாண்டக்கூடாது என்று தொடங்குவாள். பிறகு, கோட்டில் ஒரு கால் இருந்தால் என்ன, முன்னமே உள்ளே நின்றவள் வெளியே வந்து திரும்பவும் போனால் என்ன என்று போகும். பேப்பரை எடுங்கோ அம்மா, கீறிக் காட்டுறன் என்பாள். கணவரின் கொப்பியில் பின்பக்கம் வெறும் தாள் இருக்கும்தானே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விளங்கினாலும் அடுத்த கிழமை ஐசிங் என்றால் என்ன என்று கேளுங்கள்.